ஹைட்ரஜன் எப்படி மலையேறும்?

வணக்கம் சார். கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறேன். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் ஜெனரேட்டர்தான் கதி. கோவையிலிருந்து ஒருவர் வந்து, டீசலை விடுங்கள், ஃப்யூயல் செல் போடுங்கள், புகையும் இல்லை சத்தமும் இல்லை என்கிறார். அவ்வளவு நல்ல சரக்கு என்றால் ஏன் இன்னும் பரவவில்லை?
ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

வந்தவர் பொய் சொல்லவில்லை. ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து, எரிக்காமலே கரண்ட் எடுக்கும் பெட்டிதான் ஃப்யூயல் செல். 1839-லேயே பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரோவ் செய்து காட்டிய சங்கதிதான் இது. அப்போலோ விண்கலங்களுக்கும் இதுதான் மின்சாரம் தந்தது. அங்கே யாரும் செலவுக் கணக்குப் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தாக வேண்டும்.

பெட்டியின் விலை இருக்கட்டும், ஹைட்ரஜன் எப்படி மலையேறும் என்று கேளுங்கள். ஆளுயர இரும்பு சிலிண்டரில் அடங்குவது சுமார் 0.6 கிலோ, சிலிண்டரே 50 கிலோவுக்கு மேல். ஒரு கிலோ ஹைட்ரஜனில் இருப்பது 33 யூனிட், செல் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் கரண்டாக்கும், ஆக சிலிண்டருக்கு 10 யூனிட். 100 கிலோவாட் லோடை ஒரு மணி நேரம் ஓட்ட 10 சிலிண்டர்! அதே வேலைக்கு டீசல் 30 லிட்டர் போதும், ஜீப்பில் பின்னால் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து லாரி நின்றுபோகும் அதே மழையில்தான் உங்களுக்குக் கரண்டும் போகிறது, வாட்டும் தொட்டியில் ஃபேன் நின்றால் இலை உங்களுக்காகக் காத்திருக்குமா?

சோலார் வைத்து இங்கேயே தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்பார் அடுத்து. கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் போட்டு 16, 17 யூனிட் திரும்ப எடுப்பீர்கள். ஆடி மாத மூடுபனியில் அந்த 50-ம் எங்கிருந்து வரும்?

திருச்சியில் பொறியியல் படித்த கே.ஆர். ஸ்ரீதர் 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஃப்யூயல் செல் நிறுவனமான ப்ளூம் எனர்ஜி, 2018-ல் பங்குச்சந்தைக்கு வந்தபோதும் நஷ்டத்தில்தான் இருந்தது. இப்போது டேட்டா சென்டர்கள் அவர்களிடம் வாங்குகின்றன, மலிவு என்பதற்காக இல்லை, கிரிட் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதால். அவர்கள் செல் பெரும்பாலும் ஓடுவது இயற்கை எரிவாயுவில், அங்கே அது குழாயிலேயே வருகிறது, மிஷினும் ராப்பகலாக ஓடிப் போட்ட முதலை மீட்கிறது. உங்களுடையது வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். பழுதானால் ஆள் வர வேண்டும், குன்னூரில் என் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்க்கவே ஒரு வாரம் ஆனது.

அவர் மறுபடி வந்தால், பெட்டியை அவர் செலவில் வைத்து, ஹைட்ரஜனும் அவரே கொண்டுவந்து, தரும் யூனிட்டுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். சரி என்றால் எனக்கும் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.