பிஎச்.டி.க்குப் பிறகும் இரண்டு ஆண்டா? வி.ஏ. மனநல ஆராய்ச்சி ஃபெலோஷிப் பற்றிப் பெற்றோருக்கும் மாணவருக்கும்

அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜியில் பிஎச்.டி. முடிக்கப்போகும் பிள்ளை, "இன்னும் இரண்டு வருடம் ஃபெலோஷிப்" என்று சொன்னதும் உங்களுக்குக் கலக்கம் வந்திருக்கிறது. ஐந்தாறு வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், அதற்கு மேலும் பயிற்சியா என்று கேட்பது நியாயமே. சிகிச்சை அளிப்பது மட்டுமே பிள்ளையின் விருப்பம் என்றால் இது தேவையில்லை. ஒரு வருட கிளினிக்கல் ஃபெலோஷிப் போதும். முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ.விலேயே அதற்கு நிறைய இடங்கள் உண்டு. சொந்தமாக ஆராய்ச்சி நிதி பெற்று, படைவீரர்களின் மனநலத்தில் புதிய சிகிச்சைகளைச் சோதிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் இந்த இரண்டு ஆண்டுகளைக் கொடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது குடியுரிமை. சைக்காலஜி பயிற்சியாளர்களுக்கு வி.ஏ. அமெரிக்கக் குடியுரிமையைக் கட்டாயமாகக் கேட்கிறது. மாணவர் விசாவில் இருப்பவர் மட்டுமல்ல, கிரீன் கார்டு வைத்திருப்பவரும் விண்ணப்பிக்க முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் விண்ணப்பம் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள், பல்கலைக்கழகத்தின் பெயரில் இயங்கும் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி) பணிகளைத் தேடுவதே சரி. குடியுரிமையோடு, அங்கீகாரம் பெற்ற பிஎச்.டி. அல்லது சை.டி. (சிகிச்சைப் பயிற்சியை மையமாகக் கொண்ட உளவியல் முனைவர் பட்டம்) திட்டமும், அங்கீகாரம் பெற்ற இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். ஃபெலோஷிப் தொடங்கும் நாளுக்குள் ஆய்வேடு முழுமையாக முடிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் இடம் பறிபோவது பெரும்பாலும் இங்கேதான். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வை இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சியின் முதன்மை இடம், மைரெக் என்று அழைக்கப்படும் மனநோய் ஆராய்ச்சி, கல்வி, சிகிச்சை மையங்கள். 1996-ல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி உருவானவை. இன்று பத்து இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கவனம் உண்டு. டென்வர் பகுதியில் இருப்பது தற்கொலைத் தடுப்பு, பால்டிமோரில் ஸ்கிசோஃப்ரினியா போன்ற தீவிர மனநோய்கள், டர்ஹமில் போர்ப்பணிக்குப் பிந்தைய மனநலம், ஹூஸ்டன் - லிட்டில் ராக் - நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் கிராமப்புற வீரர்களுக்குச் சிகிச்சை எட்டுவது. இவை தவிர, 1989-ல் தொடங்கிய தேசிய பி.டி.எஸ்.டி. (போர், வன்முறை போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) மையத்தின் பிரிவுகள் பாஸ்டன், வெஸ்ட் ஹேவன், பாலோ ஆல்டோ, ஹொனலூலு ஆகிய ஊர்களில் இயங்குகின்றன.

ஊரின் பெயரையோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பெருமையையோ பார்த்து மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தேர்ந்தெடுக்க வேண்டியது வழிகாட்டியை. அவரிடம் நிதியோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வு இருக்கிறதா, அதில் ஏற்கெனவே சேகரித்த தரவு இருக்கிறதா, அவரிடம் முன்பு பயின்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. பல மையங்களில் விண்ணப்பத்துக்கு முன்பே வழிகாட்டிக்கு ஒரு பக்க மின்னஞ்சலும் பயோடேட்டாவும் அனுப்பிப் பேசுவது வழக்கம். இலையுதிர் காலத்திலேயே அதைச் செய்துவிட வேண்டும். கடைசித் தேதிகள் மையத்துக்கு மையம் மாறும்; டிசம்பர், ஜனவரியில்தான் நிறைய வரும்.

நேரத்தில் முக்கால் பங்கு ஆராய்ச்சிக்கு, கால் பங்கு நோயாளிகளுக்கு. காதுக்கு இனிமையான இந்தக் கணக்கு சிதறுவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில். வி.ஏ.வில் மனிதர்களை வைத்து எந்த ஆய்வு செய்தாலும் நெறிமுறைக் குழு, ஆராய்ச்சி-மேம்பாட்டுக் குழு, தனியுரிமை அதிகாரி, தகவல் பாதுகாப்பு அதிகாரி என்று அடுத்தடுத்து அனுமதி வேண்டும். அடையாள அட்டையும் கணினிக் கணக்கும் கைக்கு வருவதற்கே வாரங்கள் ஆகலாம். தரவை வி.ஏ. வலையமைப்புக்கு வெளியே, சொந்த மடிக்கணினிக்குக் கொண்டுபோகக் கூடாது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு சிகிச்சை ஆய்வு தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அனுமதிக்கு ஐந்தாறு மாதம். காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி (சி.பி.டி.) என்ற பி.டி.எஸ்.டி. பேச்சுச் சிகிச்சைக்கு வழக்கமாக 12 அமர்வு, வாரம் ஒன்று என்றால் மூன்று மாதம். பின்தொடர் மதிப்பீட்டுக்கு ஆறு மாதம். கடைசியாகச் சேர்ந்தவருக்கும் இவ்வளவும் முடிய வேண்டும். ஆள் சேர்ப்பதே மெதுவாக நடக்கும், நடுவில் விலகுகிறவர்களும் உண்டு. இரண்டு வருடத்தில் முடிகிற வேலை இல்லை இது. ஆகவே வழிகாட்டியிடம் இருக்கும் பழைய தரவிலிருந்து முதல் கட்டுரையைச் சேர்ந்த உடனே தொடங்க வேண்டும். சொந்த ஆய்வைச் சிறியதாக, சிகிச்சை நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

சிகிச்சைப் பகுதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பி.டி.எஸ்.டி.யைக் கண்டறியும் கேப்ஸ்-5 நேர்காணலில் 30 கேள்விகள் உண்டு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். நோயாளியே நிரப்பும் பி.சி.எல்.-5 படிவத்தில் 20 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 80 வரை. இவற்றைச் சீராகப் பயன்படுத்தப் பழகாதவரின் ஆய்வு முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். போர் அனுபவங்களையும், பணியின்போது நடந்த பாலியல் வன்முறையையும் வாரம்தோறும் கேட்பது மனதை அழுத்தும். மேற்பார்வையாளருடன் வாராவாரம் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பிள்ளை கேட்கத் தயங்கவே கூடாது.

உளவியலாளராகப் பணிபுரிய மாநிலம் தரும் உரிமத்தில் பலர் தடுமாறுகிறார்கள். பல மாநிலங்கள் பிஎச்.டி.க்குப் பிந்தைய மேற்பார்வை மணிநேரத்தைக் கேட்கின்றன. கலிஃபோர்னியாவில் அது 1,500. ஆராய்ச்சி மணிநேரத்தை எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நிம்மதி தரும் செய்தி, வி.ஏ.வில் பணிபுரிய எந்த மாநில உரிமமும் செல்லும். உரிமத்துக்கான இ.பி.பி.பி. தேர்வில் 225 கேள்விகள். படித்தது மறக்கும் முன் முதல் வருடத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

உதவித்தொகை ஊரைப் பொறுத்து மாறும். உடல்நலக் காப்பீடும் விடுப்பும் உண்டு. முழுநேர உளவியலாளர் சம்பளத்தை விடக் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இழப்பை ஈடுகட்டுவது அடுத்த படி: வி.ஏ.வின் கரியர் டெவலப்மென்ட் அவார்ட், அல்லது தேசிய சுகாதார நிறுவனத்தின் கே-23 என்ற ஆராய்ச்சி நிதி. முன்னதில் ஐந்து ஆண்டுவரை சம்பளமும் ஆராய்ச்சி நேரமும் உறுதியாகும். முதலில் விருப்பக் கடிதம், அது ஏற்கப்பட்ட பிறகு முழு விண்ணப்பம், தேறாவிட்டால் திருத்தி மறுபடியும் சமர்ப்பிப்பது என்று ஒரு வருடம் எளிதாகப் போய்விடும். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலாவது எழுத ஆரம்பிக்க வேண்டியது அதனால்தான். நேர்காணலில் பிள்ளை இதை நேரடியாகவே கேட்கலாம்: கடைசியாக இங்கே பயின்றவர்களில் எத்தனை பேர் இந்த விருதுக்கு விண்ணப்பித்தார்கள், முடிவு வரும்வரை அவர்களுக்கு மையம் எந்தப் பணியில் சம்பளம் கொடுத்தது?