ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி அணைகிறதா? முதலில் சாவி சுவிட்சின் வயரைப் பாருங்கள்

வணக்கம். ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்கத் திருப்பும்போது மட்டும் உங்கள் மின்சார பைக் அணைந்துவிடுகிறது, கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். சாவி சுவிட்ச் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் தட்டில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வயர் மடங்கி நிமிர்கிறது. என் வண்டியில் வெளியுறை புதிதுபோல இருந்தது. உரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டே செப்பு இழைகள்தான் மிச்சம்!

பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவிட்சை ஆன் செய்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயர்களின் மறுமுனைகளில் அதன் கம்பிகளைத் தொட்டபடி ஹேண்டிலைத் திருப்புங்கள். பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தால் வயரோ சுவிட்சோதான் காரணம்.

மாற்றும்போது சுவிட்சை அசையாத சட்டத்திலேயே பொருத்துங்கள். சாவித் துளை வானத்தைப் பார்க்க வேண்டாம், மழைநீர் இறங்கும். முழங்கால் படாத இடமாகவும் இருக்கட்டும்.

அப்புறம், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்: 12 வோல்ட்டுக்கான சுவிட்சில் 72 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தை விடக்கூடாது. பேட்டரி தரும் டிசி மின்சாரம், வீட்டுக்கு வரும் ஏசி போல நொடிக்குப் பலமுறை பூஜ்யத்துக்கு வராது. சுவிட்சுக்குள் முனைகள் பிரியும்போது எழும் பொறி எளிதில் அணையாமல் அவற்றைக் கருக்கிவிடும். பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ற டிசி சுவிட்ச் வாங்கி, அதற்கு முன்னால் சிறிய ஃபியூஸ் போடுங்கள். மோட்டாருக்கான பெரிய கரண்டை கான்டாக்டர் (சாவி சுவிட்சின் சிறிய கரண்டால் இயங்கும் பெரிய சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும்.