வாசகர் கேள்வி: கைத்தொழில் தெரியும், பத்திரம் இல்லை

கேள்வி: தம்பி 8 வருடமாக வீட்டு வயரிங் வேலை செய்கிறான். கொம்பனியில் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் நிலை கேட்கிறார்கள். இனிப்போய்க் கோர்ஸ் படிக்க வேணுமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: தேவையில்லை. வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் 'முன்கற்றலை அங்கீகரிக்கும்' முறையில் 'நைட்டா'வுக்கு (தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை) விண்ணப்பிக்கலாம். வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள், செய்த வேலையின் படங்கள், கீறிய வயரிங் வரைபடங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையாக்குங்கள். மதிப்பீட்டில் அனுபவசாலிகள் தடுமாறுவது கைவேலையில் அல்ல, காரணம் சொல்வதில்தான். மின் கசிந்தால் தானே மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார். வீட்டுக்கு ஏன் 30 மில்லிஅம்பியர் என்று கேட்டால் வாயடைத்துவிடும். மின் கொடுக்கமுன் செய்யும் இன்சுலேஷன், ஏர்த் சோதனைகளையும் வாய்விட்டு விளக்கிப் பழகட்டும். மதிப்பீட்டின் சில அலகுகளில் (பகுதிகளில்) தேறாவிட்டாலும், தேறியவற்றுக்குப் பதிவு உண்டு. மிச்சத்தைப் பிறகு முடிக்கலாம்.

என்.வி.கியூ.வில் 4ஆம் நிலை வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மேலே படிக்க விரும்பினால் ஒன்று கவனியுங்கள்: 'அரசில் பதிந்த நிறுவனம்' என்ற பலகை மட்டும் போதாது. மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அந்தக் குறிப்பிட்ட கற்கைநெறிக்கும் தரஅங்கீகாரம் கொடுத்திருந்தால்தான் என்.வி.கியூ. கிடைக்கும். காசு கட்டமுன் அதைக் கேளுங்கள்.