மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் ஒருசேர நடத்த முடியுமா?

முடியும்; ஆனால் இரண்டையும் இரு வேலைகளாகப் பிரித்துக்கொண்டால் முடியாது என்பதே, புதுச்சேரிக்கு அருகில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 22 ஆண்டுகள் பணியாற்றிய எனக்குத் தோன்றுவது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது விதி. விடைத்தாள் திருத்துவதும், கல்லூரியை ஆய்வுசெய்யும் குழு வரும்போது கோப்புகள் தயாரிப்பதும், கோடையில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அலைவதும் அந்தக் கணக்கில் சேரா.

என் ஆராய்ச்சி ஒரு செய்முறை வகுப்பில்தான் தொடங்கியது. கடலூர் முதுநகரிலிருந்து வந்த மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவர், தம் தந்தையின் படகில் முறிந்துபோன அலுமினியத் தாங்கியைக் கொண்டுவந்து, இரும்பில் வைத்த வெல்டிங் நிற்கும்போது இதில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப விட்டுப்போகிறது என்று கேட்டார். பற்றவைத்த இடத்தை அறுத்து மெருகேற்றிப் பார்த்தபோது உள்ளே ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும் என்பதால், உலோகம் ஒன்றாகச் சேர்வதைத் தடுக்கும். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு, உறையும்போது அதைத் தன்னுள் வைத்துக்கொள்ள முடியாமல் குமிழ்களாக்கிவிடுகிறது. கடலோரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா?

உருக்காமலே இணைக்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங், 1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில் உருவானது. சுழலும் கருவியொன்று இரு தகடுகளின் விளிம்புகளை உராய்வு வெப்பத்தால் இளக்கி, மாவு பிசைவதைப் போல ஒன்றாகக் கலந்துவிடும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் நல்ல ஆய்வுகள் நடந்திருந்தன. எங்களிடமோ அதற்குரிய இயந்திரம் இல்லை. உலோகத்தைச் செதுக்கப் பயன்படும் பழைய செங்குத்து மில்லிங் மெஷினிலேயே செய்து பார்த்தோம். கருவியைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையைத் தொடர்ந்து தாங்குவதற்காக அமைக்கப்பட்ட மெஷின் அல்ல அது என்பதால், இரண்டாம் ஆண்டிலேயே கருவியைச் சுழற்றும் அச்சைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங் இரையத் தொடங்கியது. அந்தச் செலவுக்கு நிர்வாகத்திடம் ஒப்புதல் பெறுவதற்குள், ஆய்வுக் கட்டுரையே எழுதி முடித்துவிடலாம் போலிருந்தது.

6061-டி6 என்னும், வெப்பப் பதனத்தால் வலுவூட்டிய அலுமினியக் கலவைத் தகடுகளை இம்முறையில் இணைத்து இழுவைச் சோதனை செய்தபோது, துண்டுகள் இணைப்பின் நடுவில் முறியாமல் பக்கத்தில் முறிந்தன. வெற்றி என்றே நான் நினைத்தேன். "அப்படியானால் பக்கத்து உலோகத்தை நாமே பலவீனமாக்கிவிட்டோமா, சார்?" என்று அதே மாணவர் கேட்டார். ஆம், அந்த உலோகத்துக்கு வலுவூட்டும் நுண்துகள்கள் வெப்பத்தில் பருத்து, அந்தப் பகுதியை மென்மையாக்கிவிட்டிருந்தன. என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முக்கிய இயல் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். இணைப் பேராசிரியர் பதவிக்கு முனைவர் பட்டமும் கட்டுரைகளும் கட்டாயம் என்பதால், தாம் கற்பிக்காத ஒரு தலைப்பை அவசரமாகத் தேடிப் பிடிக்கும் இளையவர்களுக்கு நான் இதையே சொல்வேன்: உங்கள் ஆய்வகத்தில் மாணவர் கேட்டு, நீங்கள் பதில் சொல்லத் தடுமாறிய கேள்வியை எழுதி வையுங்கள்.

அந்தப் படகுத் தாங்கிக்கு மட்டும் இந்த முறை உதவவில்லை, ஏனெனில் வளைந்த சிறிய பொருளை அசையாமல் இறுக்கிப் பிடிக்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. ஆக்சைடைத் தேய்த்து நீக்கி, சற்றே சூடாக்கி ஈரத்தைப் போக்கி, டங்ஸ்டன் மின்முனையும் மந்த வாயுவும் கொண்டு உருக்கி இணைக்கும் டிக் வெல்டிங்கில்தான் பற்றவைத்துக் கொடுத்தோம்.