மூன்று ஏக்கரில் லேஅவுட் போட்டால் கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 60. அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து இப்போதுதான் ஓய்வு பெற்றேன். திண்டுக்கல் – வேடசந்தூர் பக்கம் அப்பா காலத்துப் புஞ்சை 3 ஏக்கர் இருக்கிறது, பட்டா என் பெயரில். ஒரு புரொமோட்டர் சென்ட் 1 லட்சம் வீதம் 3 கோடிக்கு மொத்தமாகக் கேட்கிறார். ஆனால் கொஞ்சம் தள்ளி டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் பெற்ற மனை சதுர அடி 900 ரூபாய் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். "மூன்று ஏக்கர் என்றால் 1,30,680 சதுர அடி. 900 வீதம் 11.76 கோடி. 3 கோடிக்கு ஏன் விற்க வேண்டும், நாமே மனை போடலாம்" என்கிறார் என் மைத்துனர். ஓய்வுப் பணம் 45 லட்சம் இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தால் 50 லட்சம் கிடைக்கும். மீதிக்கு, தெரிந்தவர்களிடம் மாதத் தவணையில் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். இறங்கலாமா? உடன்பிறந்தவர் ஒரு தங்கை மட்டும்தான். அவருக்குக் கல்யாணத்தின்போதே 40 பவுன் போட்டாயிற்று.

பதில்: உங்கள் சொந்தப் பணத்தையும் வீட்டையும் வைத்து இதில் இறங்க வேண்டாம். மனைத் தொழில் நஷ்டத் தொழில் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. மைத்துனர் போட்ட கணக்கில் நிலம், செலவு, காலம் மூன்றுமே விட்டுப்போயிருக்கின்றன.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1,30,680 சதுர அடியும் மனையாகாது. 23 அடி, 30 அடி ரோடு விட்டாலே கால் பங்குக்கு மேல் போய்விடும். 28% என்று வைத்தால் 36,590 சதுர அடி ரோடு. மிச்சம் 94,090. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, ரோடு போக மீதியில் 10% பூங்காவுக்கு விட வேண்டும். சின்ன லேஅவுட் என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. ஆனால் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடமாகத்தான் கொடுக்க வேண்டும். உங்கள் 3 ஏக்கர் சுமார் 12,140 சதுர மீட்டர், எல்லையைத் தாண்டிவிட்டது. மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் தலா அரை சதவீதம் தனி. ரோட்டையும் பூங்காவையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அதற்கு நயா பைசா வராது. கடைசியில் விற்க மிஞ்சுவது சுமார் 83,740 சதுர அடி, அதாவது மொத்த நிலத்தில் 64%. அதிலும் சுமார் 9,400 சதுர அடியை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும். அதை விற்கலாம், ஆனால் மற்ற மனை விலை அதற்குக் கிடைக்காது.

அடுத்து விலை. போர்டில் இருக்கும் 900 என்பது சொல்லும் விலை. முதல் பத்து மனையைக் குறைத்துக் கொடுத்தால்தான் வியாபாரம் நகரும். கார்னர் மனைக்குக் கூடுதலாக வரும், உள்ளே கடைசித் தெருவில் இருப்பதற்கு இறங்கித்தான் வர வேண்டும். சராசரியாக 800, சிறு மனைகளுக்கு 650 என்று வைத்தால் மொத்த வரவு 6.56 கோடி. 11.76 கோடி இப்போதே கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

செலவு. தார் ரோட்டுக்குச் சதுர அடிக்கு 90 ரூபாய் வைத்தால் 33 லட்சம், 18% ஜிஎஸ்டியோடு 39 லட்சம். மனை விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டுத் தெளிவாக்கிவிட்டது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதனாலேயே ஒப்பந்ததாரருக்குக் கட்டிய ஜிஎஸ்டியை மனை வாங்குபவரிடம் வசூலித்துக் கழிக்க உங்களால் முடியாது, முழுதும் உங்கள் தலையில்தான். கால்வாய், சிறு பாலம் 12 லட்சம். மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் 15 லட்சம். போர், தொட்டி, குழாய் 12 லட்சம். சமன் செய்வது, கல் நடுவது, பூங்கா வேலி, ஆர்ச் 10 லட்சம். சர்வேயர், தடையின்மைச் சான்றுகள், டிடிசிபி கட்டணம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு, வக்கீல் எல்லாம் சேர்த்து 15 லட்சம். ஆக 1.03 கோடி. இவை நான் தோராயமாக வைத்த தொகைகள். உங்கள் ஊர் ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஏஜென்ட் கமிஷனும் விளம்பரமும் 5% என்றால் 33 லட்சம், வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு 11% வட்டியில் மூன்று வருடத்துக்கு 16.5 லட்சம், எதிர்பாராததற்கு 10 லட்சம். எல்லாம் சேர்ந்து சுமார் 1.63 கோடி.

6.56-இல் 1.63 போனால் 4.93 கோடி. இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால் நிலம் உங்களுக்குச் சும்மா வரவில்லை. இன்றைக்கே 3 கோடி கொடுக்க ஆள் இருக்கிறார். அந்த 3 கோடியை நீங்கள் இந்தத் தொழிலில் போடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். அதைக் கழித்தால் தொழிலின் லாபம் 1.93 கோடி.

அதற்கு வரி உண்டு. நிலத்தை அப்படியே விற்றால், அது கிராமப்புற விவசாய நிலமாக இருக்கும்பட்சத்தில் வருமான வரியே இல்லை. அப்படிக் கணக்காக, 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள திண்டுக்கல் போன்ற ஊரின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். பக்கத்துப் பேரூராட்சியின் எல்லையையும் பார்க்க வேண்டும், 10,000-க்கு மேல் மக்கள்தொகை இருந்தால் அதிலிருந்து 2 கிலோமீட்டர். மனையாகப் பிரித்து விற்றால் அது வியாபாரம், லாபத்துக்கு ஸ்லாப்படி 30% வரை வரி. மூன்று வருடத்தில் பரவலாக விற்றாலும் 50 லட்சத்துக்கு மேல் போகும். மீதி 1.4 கோடி. அதே 3 கோடியை 7% வட்டியில் மூன்றரை வருடம் வங்கியில் போட்டிருந்தால் வரி போக 60 லட்சம் போல வந்திருக்கும். ஆக, இவ்வளவு அலைச்சலுக்கும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 80 லட்சம். சராசரி விலை 800-க்குப் பதில் 700 ஆனால் அதில் 50 லட்சம் காணாமல் போகும். விற்பனை ஒன்றரை வருடம் இழுத்தால் மீதியும் வட்டிக்கே சரியாகிவிடும். சிறு மனைகள் போக, 1,200 சதுர அடி மனை என்றால் 62 மனைகள். மாதம் இரண்டு விற்றால்கூட இரண்டரை வருடம் ஆகும். அப்ரூவல் வாங்கும் காலம் இதில் சேரவில்லை.

அட்வான்ஸ் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப் பிரிவுக்கு ரெரா பதிவு கட்டாயம். பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10% வரை அபராதம். பதிவான பிறகும், வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70%-ஐத் தனிக் கணக்கில் போட்டு, வேலை நடந்த அளவுக்குச் சான்று வைத்துத்தான் எடுக்க முடியும். மகளுக்கு ஒரு மனை என்று மாதம் ஐயாயிரம் கட்டுகிறவர்களின் பணம் அது. அப்ரூவல் தாமதமானால் அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

இப்போது தங்கை விஷயம். இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் நிலம் முழுதும் உங்களுடையதாகிவிடாது. அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் தங்கைக்கும் சம பங்கு உண்டு. 40 பவுன் போட்டது அந்தப் பங்கைத் தீர்க்காது. தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்கிறாரா? இல்லையென்றால் மனை வாங்க வருபவரின் வங்கி வக்கீல் மூலப் பத்திரத்தைப் புரட்டும்போதே கேட்டுவிடுவார், லோன் நின்றுவிடும். ரோடு போட்டுக் கோடி ரூபாய் செலவழித்த பிறகு வழக்கு வந்தால் தாங்க மாட்டீர்கள். அவருக்கு உரியதைக் கணக்கில் வைத்து இப்போதே மனம் விட்டுப் பேசுங்கள். மேலே சொன்ன எல்லாத் தொகையும் அப்போது பாதியாகலாம்.

கூடவே, உங்கள் நிலத்துக்கு வரும் வண்டிப்பாதையை எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தில் பாருங்கள். தரையில் 25 அடி தெரிந்தாலும் வரைபடத்தில் குறைவாக இருந்தால் அந்த வரைபட அளவைத்தான் டிடிசிபி எடுத்துக்கொள்ளும்.

சரி, மொத்தமாக விற்கவும் மனமில்லை என்றால் கூட்டு முறை இருக்கிறது. நிலம் உங்களுடையது, எல்லாச் செலவும் புரொமோட்டருடையது, மனைகளைப் பங்கு பிரிப்பது. 3 கோடி மூன்றரை வருடத்தில் வட்டியோடு சுமார் 3.8 கோடி ஆகும். அது 6.56 கோடியில் 58%. அதற்குக் கீழே பங்கு பேசினால் நேரடி விற்பனையே மேல். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். முழு நிலத்துக்கும் விற்கும் அதிகாரத்தோடு பொது அதிகாரப் பத்திரம் கொடுத்துவிடாதீர்கள். அவர் பங்கு மனைகளுக்கு மட்டும், ரோடும் மின்சாரமும் முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். நிலத்தின் பேரில் அவர் கடன் வாங்கக் கூடாது, இத்தனை மாதத்தில் முடிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற இரண்டு நிபந்தனைகளும் இருக்கட்டும். ரெரா சட்டத்தில் உங்களுக்கும் பொறுப்பு வரலாம் என்பதால் கையெழுத்துக்கு முன் ஆடிட்டர், வக்கீல் இருவரிடமும் காட்டுங்கள்.

45 லட்சத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 8.2% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். 15 லட்சம் வங்கியில் இருக்கட்டும். தங்கையோடு பத்திரம் முடிக்கவும், நிலம் அளக்கவும், வக்கீலுக்குக் கொடுக்கவும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.