‘மாமியாரைக்கூட’ என்று எழுதினீர்களே!

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். கணக்கிலும் அறிவியலிலும் 90க்குக் குறையமாட்டாள். ஆங்கிலம்தான் இடிக்கிறது. சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன், ஐரனி, பிளாட், செட்டிங், கான்ஃப்ளிக்ட், தீம் என்று 28 இலக்கியச் சொற்களைச் சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். விளக்கம் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் திருப்புதல் தேர்வில், இயந்திரங்கள் தாமே பேசும் கவிதைக்குச் சிமிலி (உவமை) என்று எழுதிவிட்டு வந்து நிற்கிறாள். வீட்டில் கேபிளைத் துண்டித்துவிட்டோம். எந்நேரமும் கதை சொல்லிக்கொண்டிருக்கும் என் மாமியாரைக்கூட ஜனவரியிலேயே கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. டியூஷனை மாற்றலாமா?

– ஒரு தாய், நாமக்கல் மாவட்டம்

பதில்: இப்படிச் சார்ட் ஒட்டிய தாய்மார்களின் கடிதம் பிப்ரவரி மாதமானால் எனக்கு வந்துகொண்டே இருக்கும். உங்கள் சார்ட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் ‘கூட’வுக்கு வருவோம். கேபிளுக்கு அடுத்த வரியில், அதே மூச்சில், மாமியார். மகளுக்காக எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் பாருங்கள் என்கிற பெருமை அந்தச் சொல்லில் இருக்கிறது.

மகளின் ஆங்கிலப் புத்தகத்தை நீங்கள் திறந்து பார்த்திருக்கிறீர்களா? நான் கைடைக் கேட்கவில்லை. நான்காவது யூனிட்டின் துணைப்பாடம் என்ன தெரியுமா? ‘தி ஏஜ்டு மதர்’. ஜப்பானியக் கதை. வயதானவர்களையெல்லாம் சாகவிட வேண்டும் என்று ஓர் ஆளுநன் உத்தரவு போடுகிறான். ஏழை விவசாயி ஒருவன் தன் தாயை முதுகில் சுமந்து மலையேறுகிறான். விட்டுவிட்டு வரத்தான் போகிறான். வழியெல்லாம் அந்தத் தாய் சுள்ளிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே வருகிறாள். உச்சிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிகிறது: திரும்பிப் போகும்போது மகன் வழி தவறிவிடக் கூடாதாம். அவன் உடைந்துபோய்த் தாயைத் திரும்பத் தூக்கி வந்து வீட்டில் ஒளித்து வைக்கிறான். பிறகு அந்த ஆளுநன் சாம்பலால் ஒரு கயிறு வேண்டும் என்கிறான். நாடே திகைத்து நிற்க, ஒளிந்திருக்கும் கிழவி வழி சொல்கிறாள்: வைக்கோலைத் திரித்துத் தட்டைக் கற்களின் மேல் நீட்டி வைத்து, காற்றில்லாத இரவில் கொளுத்து. சாம்பல் கயிறாகவே கிடக்கிறது. உத்தரவு ரத்தாகிறது.

இந்தப் பாடத்தை உங்கள் மகள் எந்த அறையில் உட்கார்ந்து படிக்கிறாள்? பாட்டியை அனுப்பிவிட்டுச் சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருக்கிறீர்களே, அதே வீட்டில். உங்கள் சார்ட்டில் ஐரனி எத்தனையாவது சொல்? பார்க்கிறவர்களுக்குத் தெரிவது கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் அது டிராமாட்டிக் ஐரனி. மகளுக்குப் புரியவில்லை என்கிறீர்கள். எனக்கென்னவோ, இது அவளுக்குப் புரிந்திருக்கும், உங்களிடம் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.

வயதானவர்கள் இடைஞ்சலே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இடைஞ்சல்தான். ஒரே கதையை ஒன்பது முறை சொல்வார்கள், படிக்கிற பிள்ளையிடம் வந்து காபி குடித்தாயா என்பார்கள். உங்களுக்கும் அவருக்கும் பழைய கணக்கு ஏதாவது இருந்தாலும் இருக்கும். அதற்குள் நான் வரவில்லை. ஆனால் பரீட்சையைக் காரணம் காட்டாதீர்கள். பத்தாவது முடிந்தால் பிளஸ் ஒன் வரும், பிளஸ் டூ வரும், அப்புறம் நீட். அந்த அம்மாள் எப்போதுதான் வீட்டுக்கு வருவது? ‘அனுப்பிவிட்டோம்’ என்கிறீர்கள். அந்த ‘ஓம்’முக்குள் உங்கள் கணவரும் இருக்கிறார். பெற்றவளைப் பெட்டி கட்டி அனுப்பும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, தலையாட்டியிருப்பார். மகனுடைய வீடு தாய்க்கு விருந்தாளி வீடு கிடையாது. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

இப்போது சார்ட். அதைக் கிழித்துவிடுங்கள். இயந்திரம் மனிதரைப்போலப் பேசினால் பெர்சானிஃபிகேஷன். விளக்கத்தை ஒப்பிக்கிற பிள்ளைக்கு இது தட்டுப்படவில்லை என்றால், சொல் தெரிகிறது, பொருள் எங்கேயும் ஒட்டவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கிரைண்டர் மக்கர் செய்தால் என் மாமியார், “மகராணிக்கு இன்னிக்கு மூஞ்சி சரியில்ல” என்பார். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வியில் என்ன திணறல் வரப்போகிறது?

உங்கள் மகளுக்குப் பாதிச் சரக்கு தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. கோவலன் வரும்போது மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வராதே’ என்று கைகாட்டின என்பதைத் தற்குறிப்பேற்ற அணி (இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது) என்று அவள் படித்திருக்கிறாள். கொடிக்குக் கையும் மனசும் வந்துவிட்டதல்லவா, அங்கே பெர்சானிஃபிகேஷன் இருக்கிறது. பின்னால் வரப்போகும் கொலையை முன்கூட்டியே காட்டுகிறதல்லவா, ஃபோர்ஷேடோயிங்கும் அதுவேதான். கயவர்களைத் தேவர்களுக்குச் சமம் என்று வள்ளுவர் 1073ஆம் குறளில் புகழ்வதுபோல இகழ்கிறாரே, அந்த வஞ்சப்புகழ்ச்சிதான் வெர்பல் ஐரனி.

இடறும் இடங்களும் உண்டு. தமிழில் மலரடி என்றால் ‘போல’ மறைந்திருந்தாலும் உவமைத்தொகை, அடிமலர் என்றால் உருவகம். ஆங்கிலத்தில் லைக், ஆஸ் போன்ற ஒப்புமைச் சொல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் சிமிலி. மறைந்துவிட்டால் மெட்டஃபர் பக்கம் போய்விடும். ஆஸ் வந்த இடமெல்லாம் சிமிலியும் ஆகாது, ‘அவன் ஓடும்போது’ என்பதற்கும் அதே ஆஸ்தான். மோனையை அலிட்டரேஷன் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே கணக்கு எழுத்தில் இல்லை, ஒலியில். சிட்டியும் (city) கேட்டும் (cat) ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் சேராது. வேறு வேறு எழுத்தில் தொடங்கும் கைட்டும் (kite) கேட்டும் (cat) சேரும்.

கதைக் கூறுகளுக்குச் சார்ட்டே தேவையில்லை. கதையில் யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எந்த இடத்தில் நிலைமை திரும்புகிறது என்று மூன்று கேள்வி போதும். அந்த விவசாயிக்குத் தாய் வேண்டும், சட்டம் குறுக்கே நிற்கிறது, அதுதான் கான்ஃப்ளிக்ட். சட்டத்துக்குப் பயந்த மகனும் தாயை விடமுடியாத மகனும் அவனுக்குள்ளேயே மோதுகிறார்களே, அது இன்னொரு கான்ஃப்ளிக்ட். சுள்ளி எதற்குக் குறியீடு என்று நான் எழுதமாட்டேன், அதை உங்கள் மகள் உங்களிடம் சொல்லட்டும். கதை வாக்கியங்களைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் ஐந்து மதிப்பெண் கேள்வி இருக்கிறது பாருங்கள், அது முழுக்கப் பிளாட், அதாவது நிகழ்ச்சிகளின் கோவைதான். பாட்டி ஒரு கதையை நடுவில் விட்டு, “இரு இரு, அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு” என்று பின்னால் போய் எடுத்து வருவார்களே, அதைக் கேட்டுக் கேட்டு ‘அப்புறம்?’ கேட்ட பிள்ளைக்கு வரிசை கைவந்த பாடம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதை, அந்த மூன்று கேள்வி, கால் மணி நேரம். கைடு எழுதியவரிடம் இது கிடைக்காது. உங்களிடம் ஜனவரி வரைக்கும் காசில்லாமல் கிடைத்தது.

டியூஷனை மாற்ற வேண்டாம். இந்தச் சனிக்கிழமை கொழுந்தனார் வீட்டுக்குப் போங்கள். கணவரை மட்டும் அனுப்பினால் ஒப்புக்குக் கூப்பிட்டதாகத்தான் இருக்கும், நீங்கள் போக வேண்டும். “பிள்ளைக்கு நீங்க கதை சொல்லணும் அத்தே, வாங்க” என்று வாய் திறந்து கேளுங்கள். முதலில் பிகு பண்ணுவார், பண்ணட்டும். மகளையும் கூட்டிப் போங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளும் பாட்டியும் ஒரே சீட்டில் உட்காரட்டும், நீங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.