மந்தநிலை வந்தால் உள்ளூர் அரசு அமைப்புகள் உண்மையிலேயே ஒன்றுசேருமா?

கேள்வி இது: “பொருளாதார மந்தநிலை வரும்போது நகராட்சி, சுகாதாரத் துறை, வேலைவாய்ப்பு அலுவலகம், காவல் துறை போன்ற உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றனவா? செய்தால் எப்படி?”

சேர்கின்றன, ஆனால் தானாகச் சேர்வதில்லை. முதல் ஆண்டில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். உள்ளாட்சி நிதி என்பது நான் பல வருடங்களாக ஆர்வத்தோடு படித்துவரும் விஷயம். எந்த ஊரில் ஒத்துழைப்பு வேர் பிடித்தது, எந்த ஊரில் கூட்டக் குறிப்போடு நின்றுபோனது என்று பார்க்கும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். செலவு யார் பையிலிருந்து போகிறது, மிச்சம் யார் பைக்கு வருகிறது என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடித்தார்களா இல்லையா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மத்திய அரசு கடன் வாங்கிப் பற்றாக்குறையைத் தாங்கிக்கொள்ளும். அன்றாடச் செலவைப் பொறுத்தவரை உள்ளாட்சிக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. பல நாடுகளில் அதன் அன்றாடச் செலவு வரவுக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் வெர்மான்ட் தவிர மற்ற எல்லா மாநிலங்களுக்குமே ஏதோ ஒரு வடிவில் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. மந்தநிலையில் கட்டட அனுமதிக் கட்டணம் குறையும், வரி பாக்கி ஏறும், வைப்புத் தொகைக்கு வட்டி விழும். அதே மாதங்களில்தான் உதவி கேட்டு வருபவர்களின் வரிசை நீளும். இந்த நெருக்கடியில் ஓர் அமைப்பு எதை முதலில் வெட்டும்? வெட்டினால் தனக்கு வலிக்காததை.

இதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒருவருக்கு வேலை போகிறது. உதவித்தொகைக்கு ஓர் அலுவலகம். வாடகை பாக்கி விழுந்ததும் வீட்டுவசதிப் பிரிவு. வரித் தள்ளுபடிக்கு வருவாய்ப் பிரிவு. பிள்ளையின் கட்டணச் சலுகைக்குப் பள்ளி. தூக்கம் கெட்டபின் மருத்துவர். எல்லா இடத்திலும் அதே கடைசிச் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள், அதே முகவரிச் சான்றைக் கேட்பார்கள், நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். இப்போது வீட்டுவசதிப் பிரிவு, செலவைக் குறைக்க, வாடகை பாக்கிக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியிடத்தை ரத்து செய்கிறது என்று வையுங்கள். அவர்கள் கணக்கில் ஒரு சம்பளம் மிச்சம். சில மாதம் கழித்து அந்தக் குடும்பம் வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறது. தற்காலிகத் தங்குமிடச் செலவு வேறு பிரிவுக்கு, பிள்ளை பள்ளி மாறும் செலவு கல்வித் துறைக்கு, நடுராத்திரி அவசர சிகிச்சை மருத்துவமனைக்கு. மொத்தத்தில் பொதுப் பணம் பல மடங்கு அதிகமாகச் செலவாகியிருக்கும். ஆனால் எந்த ஓர் அலுவலகத்தின் கணக்கிலும் அது ‘நஷ்டம்’ என்று பதிவாகாது.

திருப்பிப் பார்த்தாலும் இதே கதைதான். நகராட்சி தன் பணத்தைப் போட்டு அந்தக் குடும்பத்தை வீட்டிலேயே நிலைநிறுத்தினால், பலன் பெரும்பாலும் மருத்துவமனைக்கும் காவல் துறைக்கும் போய்ச் சேரும். செலவு செய்தவருக்கு மிச்சம் வராது. அதிகாரிகள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. நல்ல மனதுள்ள நிதி அலுவலர்கூட ஆண்டு இறுதியில் தன் கணக்கைத்தான் நேர் செய்ய வேண்டும்.

2008 உலக நிதி நெருக்கடியை ஒட்டிய காலத்தில் பிரிட்டனில் இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்ரியா என்ற பகுதியில் ஒரு கணக்குப் போட்டார்கள்: கவுன்சில் (அங்கே உள்ளாட்சி மன்றத்துக்கு அதுதான் பெயர்), மருத்துவ சேவை, காவல் துறை, உதவித்தொகை என எல்லா வழியிலும் சேர்த்து இந்தப் பகுதிக்குள் ஓராண்டில் எவ்வளவு பொதுப் பணம் வருகிறது? விடை சுமார் 710 கோடி பவுண்டு. அதில் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கைவைக்க முடிந்தது சிறு பகுதிதான்; மீதியெல்லாம் தலைநகரிலிருந்து தனித்தனிக் குழாய்களில் வந்து, தனித்தனி விதிகளோடு இறங்கியது. 2009இல் இதே வேலையை 13 பகுதிகளில் அரசே சோதனையாகத் தொடங்கியது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி எத்தனை அலுவலகங்கள் பணம் செலவழிக்கின்றன என்று வரைந்து பார்த்தார்கள். ஒரே குடும்பத்தை எத்தனை அமைப்புகள் தனித்தனியாக மதிப்பீடு செய்துகொண்டிருக்கின்றன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இந்தக் கணக்கெடுப்பு சின்ன வேலை மாதிரித் தெரியலாம். என் பார்வையில் எந்த ஒத்துழைப்புக்கும் இதுதான் முதல் படி. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் தன் துறைக்கு வந்த வெட்டைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போவார்கள். எல்லாப் பணமும் ஒரே தாளில் இருந்தால் பேச்சே வேறு.

2010இல் ஆட்சி மாறி அந்தத் திட்டம் அப்படியே தொடரவில்லை. வேறு பெயரில், கிரேட்டர் மான்செஸ்டர், எசெக்ஸ் உள்பட 4 இடங்களில் மறுபடி வந்தது.

மான்செஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெருநகரத்துக்கான பொதுக் கவுன்சிலை 1986இல் அரசு கலைத்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த 10 கவுன்சில்களும் அப்போதே தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, போக்குவரத்து போன்ற விஷயங்களில் சேர்ந்தே முடிவெடுத்து வந்தன. கட்சி வேறு, வருமானம் வேறு, பணக்கார வட்டாரமும் ஏழை வட்டாரமும் கலந்தவை. இருந்தும் இருபது ஆண்டுக்கு மேல் அந்தப் பழக்கம் விடாமல் இருந்ததால், 2008இல் அடி விழுந்தபோது ஒருவரையொருவர் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. 2011இல் 10 கவுன்சில்களும் சட்டபூர்வமான ஒரு கூட்டு ஆணையமாயின. நாட்டிலேயே அதுதான் முதல். மந்தநிலை வந்தபிறகு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு நம்பிக்கையை வளர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

பணத்தைச் சேர்ப்பது என்றால் பொது நிதி தொடங்குவது மட்டும்தான் என்றில்லை. ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருக்கும் பணத்தைச் சேர்ந்து யோசித்துச் செலவழிப்பதும் அதுதான். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் பிரெஸ்டன். அந்த நகரம் 70 கோடி பவுண்டு மதிப்பில் ஒரு பெரிய வணிக வளாகத் திட்டத்தைப் பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தது. 2011 நவம்பரில் அதன் முக்கிய வாடகைதாரராக வரவிருந்த ஜான் லூயிஸ் என்ற பெரிய கடை நிறுவனம் விலக, திட்டம் சுருண்டது. கவுன்சிலின் மானியமும் குறைந்துகொண்டிருந்த நேரம். வெளியிலிருந்து முதலீட்டாளர் வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை என்று புரிந்ததும், ஊரை விட்டு எங்கும் போக முடியாத அமைப்புகளை எண்ணினார்கள்: நகரக் கவுன்சில், பிரெஸ்டன் இருக்கும் லங்காஷயர் மாவட்டத்தின் கவுன்சில், காவல் துறை, கல்லூரிகள், ஒரு வீட்டுவசதி அமைப்பு.

இவை அனைத்தும் தங்கள் கொள்முதல் பட்டியல்களைத் திறந்து வைத்தன. 2012-13இல் சேர்ந்து செலவழித்த சுமார் 75 கோடி பவுண்டில் பிரெஸ்டனுக்குள் தங்கியது 5 சதவீதம்தான். லங்காஷயர் முழுவதையும் சேர்த்தாலும் 39 சதவீதம். அதாவது கஷ்டகாலத்தில்கூட ஊரின் பொதுப் பணம் பெரும்பாலும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

‘உள்ளூர்க்காரருக்கு மட்டும்’ என்று டெண்டர் விட சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் ஒப்பந்தங்களின் அளவை மாற்றினார்கள். பள்ளி உணவுக்கான பெரிய ஒப்பந்தத்தைத் தயிர், முட்டை, பாலாடைக்கட்டி, பால் என்று துண்டு துண்டாகப் பிரித்ததும், அதுவரை விண்ணப்பிக்கவே முடியாத சிறிய வியாபாரிகளும் விவசாயிகளும் போட்டிக்கு வந்தார்கள். கொள்முதல் அலுவலர்கள் அடிக்கடி சந்தித்து, யார் எதை எப்போது வாங்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். 2016-17இல் அந்த 5 சதவீதம் 18ஐத் தாண்டியது. 39 என்பது 79 ஆனது. மொத்தச் செலவு குறைந்திருந்தும், ஊருக்குள் தங்கிய தொகை சுமார் 3.8 கோடி பவுண்டிலிருந்து 11 கோடிக்கு மேல் போனது.

எல்லா ஊரும் இப்படியே செய்தால் ஒருவர் லாபம் அடுத்த ஊரின் நஷ்டம் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் வாங்கும் அதிகாரம் இத்தனை அலுவலகங்களில் சிதறிக் கிடப்பதை யாருமே கவனிக்காமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கடன் விஷயத்துக்கு வருவோம். வங்கிகள் கையை விரிக்கும் காலத்தில் சிறிய நகராட்சி தனியாகப் போய் நின்றால் வட்டி எகிறும். ஸ்வீடனில் 1986இல் ஓரெப்ரோ பகுதியில் சில உள்ளாட்சிகள் தொடங்கிய கொம்யூனின்வெஸ்ட் என்ற அமைப்பு, எல்லோருக்கும் சேர்த்துச் சந்தையில் கடன் வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒருவர் கட்டத் தவறினால் மற்ற எல்லோரும் பொறுப்பு என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். டென்மார்க்கில் இதே வகையான அமைப்பு 1898 முதல் நடக்கிறது. அடுத்த ஊரின் கடனுக்கு என் ஊர் ஜாமீன் நிற்கும் என்பது சாதாரண வாக்குறுதி இல்லை. ஒரு ஊர் கணக்கில் கோட்டை விட்டால் எல்லோருக்கும் பாதிப்பு என்பதால், ஒருவர் கணக்கை ஒருவர் கவனிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது.

நஷ்டத்தில் சேர்ந்ததும் உண்டு. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்து வங்கிகள் சரிந்தபோது பிரிட்டனின் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் வைப்புத் தொகை அங்கே மாட்டிக்கொண்டது. கிட்டத்தட்ட 100 கோடி பவுண்டு. தனித்தனியாக வழக்கறிஞர் வைத்திருந்தால் செலவே தாங்கியிருக்காது. தங்கள் சங்கத்தின் மூலம் ஒன்றாக நின்று, எல்லோர் சார்பிலும் மாதிரி வழக்குகளை நடத்தினார்கள். வைப்பாளர்களுக்கே முன்னுரிமை என்று ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் உறுதி செய்தது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதியில் பிரச்சினை வீடுகள். கடன் கட்ட முடியாமல் கைவிட்ட வீடுகள் தெருத்தெருவாகப் பூட்டிக் கிடந்தன. இடிக்க நகராட்சியிடம் பணமில்லை, வரி பாக்கியை வசூலிப்பது கவுன்ட்டி என்ற மாவட்ட அமைப்பு, வீடோ எங்கோ இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயரில். இவற்றை ஒரே கையில் கொண்டுவர 2009இல் கிளீவ்லாந்து அடங்கிய கையஹோகா கவுன்ட்டி ஒரு ‘நில வங்கி’யை, அதாவது கைவிடப்பட்ட வீடுகளையும் மனைகளையும் தன் வசம் எடுத்துக் கையாளும் பொது அமைப்பைத் தொடங்கியது. அதன் நிதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? தாமதமாகக் கட்டப்படும் சொத்து வரியின் அபராதம், வட்டியிலிருந்து. ஆண்டுதோறும் யாரிடமும் போய்க் கையேந்த வேண்டியதில்லை. அதனால்தான் அது நிலைத்தது என்று நினைக்கிறேன்.

தகவலும் பணத்துக்குச் சமம். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தால் 60 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது 1988 சட்டம். அந்த அறிவிப்பு தொழிலாளர்களோடு மாநிலத்தின் வேலையிழந்தோர் பிரிவுக்கும், உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்கும் போகிறது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதால், ஆலை வாசல் மூடுவதற்கு முன்பே பயிற்சி, உதவித்தொகை, கடன் ஆலோசனைப் பிரிவினர் உள்ளே போய் மேசை போட முடியும்.

இவ்வளவு சொன்னபின் கசப்பான பகுதியையும் சொல்ல வேண்டும். 2010-11க்கும் 2017-18க்கும் இடையில் இங்கிலாந்து உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு கொடுத்த நிதி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்தது என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. முதியோர் பராமரிப்பு, குழந்தைப் பாதுகாப்பு போன்றவை சட்டக் கடமை; அவற்றை எளிதில் தொட முடியாது. இளைஞர் மையம், முன்கூட்டியே குடும்பங்களுக்கு உதவும் குழு ஆகியவற்றுக்கு அவ்வளவு கடுமையான சட்டக் கடமை இல்லை. கூட்டு வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கும். எனவே வெட்டு ஓர் அளவைத் தாண்டினால், சேர்ந்து செய்ததுதான் முதலில் சாகும். ‘ஒத்துழைப்பால் சமாளியுங்கள்’ என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே நிதியைப் பாதியாக்குவது உள்ளாட்சிகளுக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் பகுதியில் நிலைமை என்ன என்று அறிய வேண்டுமானால் கூட்டு அறிக்கைகளை விட்டுவிட்டுப் பட்ஜெட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு அமைப்புகள் சேர்ந்து சம்பளம் கொடுக்கும் ஒரு பணியிடமாவது அதில் இருக்கிறதா? அந்த ஒதுக்கீடு ஓராண்டுக்கா, மூன்றாண்டுக்கா? மிச்சமானால் யாருக்குப் போகும் என்று எழுதப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இருந்தால், அங்கே யாரோ நிஜமாகவே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.